கணிதப் பட்டமும் சாகுபடிக் கணக்கும்

நாற்றங்கால் முதல் களத்துமேடு வரை செலவு எழுதும் விவசாயி, பிள்ளையைப் பி.எஸ்ஸி. கணிதத்தில் சேர்க்கும்போது கல்லூரிக் கட்டணத்தை மட்டுமே எண்ணுகிறார். அது பாதிக் கணக்கு.

பிள்ளை வேலைக்குப் போனால் ஆண்டுக்கு 250 நாள், நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். மூன்று ஆண்டில் 3 லட்சம் ரூபாய் வரும்படி போகிறது. கட்டணம் சொற்பமான அரசுக் கல்லூரியிலும் இந்தச் செலவு உண்டு. சொந்த வயலில் பாடுபடும் குடும்பத்தாருக்குக் கூலி எழுதாமல் விடுகிறோமே, அதே பழக்கம்தான்!

மகசூல் எப்போது? அரசுப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியராக, மேலும் இரண்டு ஆண்டு பி.எட். படித்து, ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். ஆகவே இது மூன்றாண்டுப் பயிர் அன்று. தென்னையைப் போலக் குறைந்தது ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் போட்டதும் சரியாகத் திரும்பாது. இளநிலை உதவியாளர் வேலைதான் குறி என்றால், குரூப் 4 தேர்வு எழுதப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமானது.

கணக்கில் நாட்டமுள்ள பிள்ளையை அனுப்பத்தான் வேண்டும். கணிதத்துக்கு ஆய்வுக்கூடச் செலவு இல்லை. படிக்கும்போதே ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுத்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கலாம்.

ஆனால் தனியார் கல்லூரிக்காக ஏக்கரை விற்பது தவறு. 4 லட்சம் வரை கல்விக் கடனுக்கு நிலத்தை ஈடு வைக்க வேண்டியதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்டவும் தேவையில்லை. வட்டி மட்டும் அதுவரை ஏறிக்கொண்டே இருக்கும். அதையும் செலவுப் பக்கத்தில் எழுதிக் கொள்ள வேண்டும்.