விண்மீன் தாண்டி ஒரு ‘ஹலோ’: யார் கையில் இருக்கு அந்த போன்?

‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் கப்பல் எங்கோ இருக்கும். கேப்டனோ தலைமையகத்துடன் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருப்பார். கேட்டால், ‘சப்ஸ்பேஸ்’ ரேடியோவாம்! நிஜத்தில் ரேடியோ அலைக்கு ஒளியின் வேகம்தான் எல்லை. செவ்வாய்க்கே ஒரு செய்தி போய்ச்சேர 3 முதல் 22 நிமிடம் ஆகும். பக்கத்து விண்மீனான புராக்ஸிமா சென்டாரிக்கு ‘சாப்டீங்களா?’ன்னு கேட்டால், பதில் வர எட்டரை வருஷம்.

‘தி எக்ஸ்பான்ஸ்’ கதை இந்தத் தாமதத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. தூரத்தில் இருப்பவர்களுக்கு வீடியோ பதிவு செய்து அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

உர்சுலா லெ குவின் 1966-லேயே ‘ஆன்சிபிள்’ என்ற கருவியைக் கற்பனை செய்தார். எவ்வளவு தூரமானாலும் செய்தி உடனே போய்விடும். ஆனால், 1974-ல் வந்த அவரது ‘தி டிஸ்பொசஸ்டு’ நாவல்தான் சரியான கேள்வியைக் கேட்கிறது: அது யாருக்குச் சொந்தம்? அந்தக் கருவிக்கு வழிவகுக்கும் கோட்பாட்டை ஓர் அரசு தனக்கே வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. அதைக் கண்டுபிடித்த ஷெவெக்கோ எல்லா உலகங்களுக்கும் பொதுவாகக் கொடுத்துவிடுகிறார்.

தாமதம் எல்லோருக்கும் ஒன்றுதான். வேகம் ஒருவரிடம் மட்டும் இருந்தால், மற்றவர்கள் அவர் தயவில்தான் பேச முடியும். செயற்கைக்கோள் இணையம் ஒருசில நிறுவனங்களின் கைக்குப் போகும் இந்தக் காலத்தில், இதை வெறும் கதைன்னு ஒதுக்கிவிட முடியாது.