வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது யார்?

2027 ஜூலையில் ஜனாதிபதி திரௌபதி முர்முவின் பதவிக்காலம் முடிகிறது. ‘அடுத்தவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவராக இருப்பாரா?’ என்று விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் இளைஞர்கள் இப்போதே கேட்கிறார்கள். அதைவிட முக்கியம், அந்தப் பெயர் எந்த அறையில், யாரால் முடிவாகிறது என்பது.

1969 மே 3 அன்று ஜனாதிபதி ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே வஃபாத்தானார். அடுத்த வேட்பாளராகக் காங்கிரஸில் பல பெயர்கள் அடிபட்டன. ஜூலையில் பெங்களூரில் கூடிய கட்சியின் பார்லிமெண்டரி போர்டில் பிரதமர் இந்திரா காந்தி ஜெகஜீவன் ராமை முன்மொழிந்தார். காமராஜர், மொரார்ஜி தேசாய், எஸ்.கே. பாட்டீல், சவான் ஆகியோர் சஞ்சீவ ரெட்டியை ஆதரித்தனர். 4-2 என்று ரெட்டி தேர்வானார். பிரதமரோடு நின்ற இன்னொருவர் ஃபக்ருத்தீன் அலி அஹ்மத்.

மஷூராவில் தலைகளை எண்ணிவிட்டால் மனங்கள் இணங்கிவிட்டதாக ஆகாது. ரெட்டியின் வேட்புமனுவில் கையெழுத்திட்ட பிரதமரே, பிறகு மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்றார். சுயேச்சையாக நின்ற வி.வி. கிரியைத் தி.மு.க.வும் ஆதரித்தது. களத்தில் 15 பேர். முதல் விருப்ப வாக்கில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணியபின் கிரிக்கு 4,20,077, ரெட்டிக்கு 4,05,427. அந்த ஆண்டு முடிவதற்குள் காங்கிரஸே இரண்டானது.

1974இல் ஆளுங்கட்சியின் வேட்பாளராகி ஜனாதிபதியானவர், அன்று பிரதமரோடு நின்ற அதே ஃபக்ருத்தீன் அலி அஹ்மத். நம்மவர் என்று சமுதாயம் மகிழ்ந்தது. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடிநிலைப் பிரகடனத்தில் அவர் கையெழுத்திட்டார். மத்திய அமைச்சரவை அதற்காகக் கூடியதே மறுநாள் காலையில்தான். 1976இல் டெல்லி துர்க்மான் கேட்டில் முஸ்லிம்களின் வீடுகள் இடிக்கப்பட்டபோது அந்தப் பதவியில் இருந்தவரும் அவரே. நன்றிக்கடனுக்காகத்தான் கையெழுத்திட்டார் என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. உள்ளங்களை அல்லாஹ்வே அறிவான். ஆனாலும் ஒருவர் யாருடைய தயவில் வேட்பாளரானார் என்பது அவர் கையெழுத்திடும் மேசைவரை கூடவே வருகிறது.

2022இல் பா.ஜ.க. சுமார் 20 பெயர்களைப் பரிசீலித்ததாக நட்டா சொன்னார். யார் யாரை ஆதரித்தார்கள் என்பது வெளியே வரவில்லை. எதிரணியிலோ சரத் பவார், ஃபாரூக் அப்துல்லா, கோபாலகிருஷ்ண காந்தி மூவரும் மறுத்தபிறகே யஷ்வந்த் சின்ஹா வந்தார். முர்மு சுமார் 64 சதவீதம் பெற்று வென்றார்.

அந்தத் தேர்தலில் விருத்தாசலம் சட்டமன்ற உறுப்பினரின் ஒரு வாக்குக்கு மதிப்பு 176. இதில் கொறடா உத்தரவும் கிடையாது. ஆகவே பட்டியலில் நம் பெயர் உண்டா என்று டெல்லியைப் பார்ப்பதைவிட, ‘உங்கள் கட்சி இவரை எப்படி முடிவு செய்தது, உங்களைக் கேட்டார்களா?’ என்று நம் தொகுதி உறுப்பினரிடமே கேட்கலாம்.