சோதனைக்கு உறவினர், மருந்துக்கு அயலாரோ?

ஆண்டுக்கு இரண்டே ஊசிகளால் எய்ட்ஸ் கிருமி தொற்றாமல் காக்கும் மருந்து லெனாகபவிர். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் பெற்ற 2,134 இளம்பெண்களில் ஒருவருக்கேனும் தொற்று நேரவில்லை என்ற செய்தி 2024இல் வந்தபோது நாமும் அகமகிழ்ந்தோம்.

மற்றொரு சோதனையில் பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு மக்களும் தம் உடலை ஒப்புவித்தனர். ஆயின், 2024 அக்டோபரில் கிலியட் நிறுவனம் மலிவு மருந்து செய்ய 120 நாடுகளுக்கென உரிமம் வழங்கியபோது, இந்நான்கு நாடுகளின் பெயரும் அப்பட்டியலில் இல்லை! இவை நடுத்தர வருவாய் நாடுகளாம். நாட்டின் சராசரி வருமானம் சாவோ பாவுலோவின் சேரிவாசியுடைய மடியிலா இருக்கிறது? சோதனையில் பங்குபெற்றோர்க்கு மருந்து தொடரும் என்பர். அவர்தம் அண்டை வீட்டார்க்கு?

அதே அக்டோபரில்தான் மருத்துவ ஆய்வுக்கு நெறி கூறும் ஹெல்சிங்கி அறிக்கை திருத்தப்பட்டது. 'உட்படுத்தப்படுவோர்' என்ற சொல் நீங்கி, 'பங்கேற்போர்' வந்தது. நல்ல சொல்தான், பங்கு எங்கே? அமெரிக்காவில் 2025இல் இம்மருந்துக்கு இட்ட விலை ஆண்டுக்கு 28,218 டாலர். நம் நாட்டு டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டெரோ நிறுவனங்களோ 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலருக்குத் தர ஒப்பியுள்ளன. அந்த மலிவு ஊசிதான், அவ்வுரிமத்தின்படி, பிரேசிலுக்குப் போகலாகாது.