பழைய காப்பியை அழிக்க அவசரப்படாதீர்கள்

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் பேக்கப் எடுக்க வேண்டும் என்பதைப் பலரும் தெரிந்து கொள்கிறார்கள். ஆனால் அந்த பேக்கப்பை வைக்கும் இடத்தை மாற்றும்போதுதான் தவறு நேர்கிறது. எனக்கும் நேர்ந்தது.

எனக்கு வீடு போடிநாயக்கனூரில். ஏலத் தோட்டம் போடிமெட்டுக்கு மேலே. தோட்டக் கணக்கு முழுவதும் எக்ஸெல் பைல்களில் இருக்கிறது. பேக்கப் புரோகிராம் தினமும் இரவில் அவற்றை டி டிரைவில் காப்பி செய்து வந்தது. இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது ஆபத்து என்பதால், எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றை வாங்கி, செட்டிங்ஸில் இடத்தை மாற்றினேன். மறுநாள் பைல்கள் புதிய டிஸ்க்கில் இருந்தன. நிம்மதியாகப் பழைய போல்டரை அழித்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்துப் பழைய ஆண்டுக் கணக்கு ஒன்று தேவைப்பட்டது. இடம் போதவில்லை என்று அந்த பைல்களை சி டிரைவிலிருந்து எப்போதோ நீக்கியிருந்தேன். அவை இருந்த ஒரே இடம் நான் அழித்த போல்டர்தான்!

செட்டிங்கை மாற்றினால், இனி எங்கு எழுதுவது என்பதுதான் மாறும். ஏற்கனவே இருப்பது தானாக இடம் மாறாது.

பெரிய டேட்டாபேஸ்களிலும் இதே நிலைதான். பேஸ்புக்கில் உருவாகி 2008ல் ஓப்பன் சோர்ஸாக வெளியான கசாண்ட்ரா, ஒரே தகவலைப் பல சர்வர்களில் பிரதி எடுத்து வைக்கும். எங்கு எத்தனை பிரதிகள் என்பதை ஒரே கட்டளையில் மாற்றலாம். ஆனால் உடனே மாறுவது விதி மட்டுமே. 'ரிப்பேர்' கட்டளை கொடுத்துப் பழைய தகவல்களைப் புதிய இடத்தில் நிரப்ப வேண்டும். அதற்கு முன் புதிய சர்வரைக் கேட்டால், இருக்கும் தகவலையே இல்லை என்று சொல்லக்கூடும். தேவையற்ற பிரதிகளை நீக்கும் 'கிளீனப்' கடைசியில்தான்.

வீட்டிலும் இந்த வரிசையைப் பின்பற்றுங்கள். முதலில் பழைய போல்டர் முழுவதையும் புதிய இடத்திற்கு காப்பி செய்யுங்கள். இரண்டு போல்டர்களிலும் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் பைல்களின் எண்ணிக்கையும் அளவும் ஒன்றாக உள்ளதா எனப் பாருங்கள். பழைய பைல்கள் சிலவற்றைத் திறந்து பாருங்கள். ஒரு மாதம் கழித்துப் பழையதை நீக்கலாம்.

இடம் வீணாகிறதே என்று சிலர் கேட்பார்கள். டிஸ்க்கை மறுபடி வாங்கலாம். கணக்கை வாங்க முடியாது.

இரண்டு காப்பிகளையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 2021 மார்ச் 10ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலர் இரண்டையும் இழந்தனர். என் கணக்கு இப்போது போடி வீட்டில் ஒன்று, மலை மேல் தோட்டத்தில் ஒன்று என இருக்கிறது. இனி எந்த டிஸ்க்கை மாற்றினாலும், அழிக்கும் வேலை எனக்குக் கடைசி வேலைதான்.