அம்மா கணக்கில் ஆடும் பிள்ளை: சூதாட்டச் செயலிகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஷூ கம்பெனிகளில் தையல் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. சம்பளம் அவர்கள் வங்கிக் கணக்கில் விழுகிறது. கணக்கோடு இணைந்த போனோ பல வீடுகளில் பிள்ளையின் கையில் இருக்கிறது. யுபிஐ ரகசிய எண் அவனுக்குத் தெரியும். அம்மாவுக்கு அதைப் போட்டுக் கொடுத்ததே அவன்தான்.

18 வயதுக்குட்பட்டோர் பணம் கட்டி ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும், நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கிடையாது என்று தமிழக அரசு 2025 பிப்ரவரியில் விதி வகுத்தது. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. நல்ல விதிகள்தான். ஆனால் ஆதார் அம்மாவுடையது என்றால், பதினைந்து வயதுப் பையன் ஆடுவதும் நாற்பது வயதுப் பெண் ஆடுவதாகவே பதிவாகும். ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையே தடை செய்தது. அதை வரவேற்கிறோம். அதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்கவில்லை. லாட்டரிச் சீட்டு 2003இலேயே இம்மாநிலத்தில் தடை செய்யப்பட்டது. மூணு நம்பர் சீட்டு விற்றவர் கைது என்ற செய்தி இன்றும் வருகிறது.

இப்போது எங்களை அதிகம் கவலைப்படுத்துவது கலர் ஆட்டம். டெலிகிராமில் ஒரு லிங்க் வரும். சிவப்பா, பச்சையா என்று பத்து ரூபாய் கட்டினால் ஒரு நிமிடத்தில் முடிவு. முதலில் ஜெயிக்க விடுவார்கள், ஐம்பது நூறு கைக்கும் வரும். தொகை பெரிதானதும், இன்னும் கொஞ்சம் ரீசார்ஜ் செய்தால்தான் எடுக்க முடியும் என்பார்கள். ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் உண்டு என்பதால், பத்தாம் வகுப்புப் பையனைச் சேர்த்துவிடுவதும் இன்னொரு பத்தாம் வகுப்புப் பையன்தான். பள்ளிக்கூடத்துக்குள் இது பரவுவது இப்படித்தான். அவனைக் குற்றவாளி என்று சொல்ல எங்களால் முடியாது.

தமிழகத்தின் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆடுபவருக்கும் மூன்று மாதம் வரை சிறை உண்டு. மத்தியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. நடத்துபவரையும் விளம்பரம் செய்பவரையும் பிடிக்கிறது. சிறுவர்கள் விஷயத்தில் காவல்துறை இரண்டாவது வழியில் நிற்க வேண்டும். போலீஸ் பயத்தில்தான் குடும்பங்கள் வாயைத் திறப்பதில்லை. போன பணத்தை அடைக்கக் குழு லோன், அதை அடைக்க வாரவட்டி என்று அம்மா ஓடுகிறார். பையன் படிப்பை விட்டுத் தோல் ஷாப்பு வேலைக்குப் போனால், கடனும் அவன் கூடவே போகும்.

பள்ளிகளுக்குச் சொல்கிறோம்: மாட்டிய பையனுக்கு டிசி கொடுக்காதீர்கள். கொடுத்தால் மற்ற பையன்கள் மறைக்கக் கற்றுக்கொள்வார்கள், வேறொன்றும் நடக்காது. பிள்ளைகளிடமிருந்து போனையே பிடுங்கிவிடலாம் என்று எங்களுக்குள்ளும் சிலர் வாதிட்டார்கள். வீட்டுப்பாடம் வாட்ஸாப்பில் வரும் ஊரில் அது நடக்காது.

கம்பெனி நிர்வாகங்கள் சம்பளக் கணக்கு தொடங்கும் நாளிலேயே, தினசரி யுபிஐ வரம்பைக் குறைப்பது எப்படி என்று வங்கி ஊழியரை வைத்துத் தமிழில் காட்டித்தர வேண்டும். அரை மணி நேர வேலை, செலவும் இல்லை.

ஃப்ரீ ஃபயர் போன்ற ஆட்டங்களில் காசு கொடுத்து வைரம் வாங்கி, அதிர்ஷ்டச் சக்கரம் சுற்றுவதும் எங்கள் பார்வையில் சூதாட்டப் பழக்கமே. காசு கொடுத்து வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளைப் பெல்ஜியம் 2018இலேயே சூதாட்டம் என்று அறிவித்தது. இங்கும் சிறுவர்களுக்கு அதை மூட வேண்டும்.

சூதாட்ட நோயை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் அங்கீகரித்திருக்கிறது; அதற்குச் சிகிச்சை உண்டு. பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பிள்ளை தூங்காமல், பேசாமல் இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அடிப்பதை நிறுத்துங்கள்.