எசன்ஸுக்கு எதற்கு எசன்ஸ்?

இ20 பெட்ரோல் எல்லா பங்க்குகளிலும் வந்ததிலிருந்து, நம் வயது நண்பர்கள் பலர் 'ஆக்டேன் பூஸ்டர்' பாட்டில் வாங்கி டாங்கில் ஊற்றுகிறார்கள். குறைந்த மைலேஜை அது மீட்டுத் தருமாம். பென்ஷன் பணம் வீணாகிறதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்குப் பெட்ரோலின் முதல் பெயர் 'எஸான்ஸ்'. அந்த எசன்ஸுக்கே இன்னொரு எசன்ஸ் தேவையா?

ஆக்டேன் என்பது பெட்ரோலின் சக்தி அல்ல, அதன் பொறுமை. சிலிண்டருக்குள் அழுத்தும்போது, பிளக்கின் தீ வந்து சேரும் முன்பே தானாக வெடித்துவிடாமல் தாக்குப்பிடிக்கும் குணம். அது குறைந்தால் வருவதுதான் நாக்கிங். பழைய அம்பாசடரில் புளியரை எஸ் வளைவு ஏறியவர்களுக்கு அந்த 'டக டக' சத்தம் தெரியும்.

அந்தக் காலத்தில் அதற்கு மருந்து ஈயம். 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தது. இன்ஜின் பிழைத்தது, புகையைச் சுவாசித்தவர்கள் பாடுதான் மோசம். நம் நாட்டில் 2000 பிப்ரவரியில்தான் அது ஒழிந்தது.

இன்று நிலைமை வேறு. சாதாரண பெட்ரோலுக்கு பிஎஸ்-6 விதிப்படி 91 ஆக்டேன். எத்தனாலே ஒரு பூஸ்டர் என்பதால், இ20-இல் அது சுமார் 95 ஆகிவிடுகிறது. போதாததற்கு, நாக்கிங்கைக் கண்டறியும் சென்சார் புது கார்களில் இருக்கிறது. 91 போதும் என்று தயாரித்த வண்டிக்கு அதற்கு மேல் கொடுத்துப் பயனில்லை. சில டர்போ வண்டிகளுக்கு 95 வேண்டும் என்று மேனுவலில் போட்டிருப்பார்கள். அவர்கள் பங்க்கிலேயே பிரீமியம் போட்டுக்கொள்ளலாம்.

மைலேஜ் குறைவதற்குக் காரணம் வேறு. எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் 6, 7 சதவீதம் போகும். இ20-க்கென வடிவமைக்காத கார்களுக்கு நிதி ஆயோக் 2021-இல் சொன்ன கணக்கும் அதேதான். இந்தக் குறையை எந்தப் பாட்டிலும் நிரப்பாது.

பாட்டிலில் '30 பாயிண்ட்' என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள். பத்து பாயிண்ட் சேர்ந்தால்தான் ஒரு ஆக்டேன். இரும்பு, மாங்கனீசு சேர்ந்த சரக்காக இருந்தால் பிளக்கில் படியவும் செய்யும்.

டயர் காற்றைச் சரிபாருங்கள், ஏர் ஃபில்டரை மாற்றுங்கள், ஏற்றத்தில் கியரைக் குறையுங்கள். பாட்டில் காசில் பேரப்பிள்ளைகளுக்கு பார்டர் புரோட்டா வாங்கிக் கொடுங்கள்; அதன் பலன் கண்ணுக்குத் தெரியும்.