செவி அறிந்த முகம்

மதுரைக்குத் தெற்கே, அறுவடை முடிந்து வயல்கள் வெறிச்சோடிக் கிடக்கும் பங்குனி இரவுகளில், ஏதோ ஒரு கிராமத்து அம்மன் திருவிழாவில் முன்னொத்திகையின்றி விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தின் ஓசை, குழாய் ஒலிபெருக்கி வழியே காற்றில் ஏறி, தூரத்து ஊரில் பாயில் படுத்திருப்பவர் செவியையும் வந்து தொடும். வள்ளிக்கும் முருகனுக்கும் தர்க்கம் மூள்வதற்கு வெகுநேரம் முன்பே, கோமாளியான பபூனுக்கு ஈடுகொடுத்துச் சொல்லுக்குச் சொல் வெட்டிப் பேசும் டான்ஸ்காரப் பெண்ணை, முகம் காணாமல், குரலின் குழைவையும் குறும்பையும் கொண்டே மனத்தில் உருவாக்கிக்கொள்வது எங்கள் பிராந்தியத்துப் பிள்ளைகளுக்குப் பால்யத்திலேயே வாய்த்த பயிற்சி.

நடிகை மனோரமாவும் எனக்கு அவ்விதமே செவி வழியாக அறிமுகமானார். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் வானொலியில் ஒலிச்சித்திரமாக 'தில்லானா மோகனாம்பா'ளைக் கேட்டபோது, 1968-இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த அந்தப் படத்தை நான் பார்த்திருக்கவில்லை. ஆயினும் ஜில் ஜில் ரமாமணி என்னும் நாடகக்காரியின் வெகுளித்தனமும், ஊர் ஊராய் அலைந்து பெற்ற துணிச்சலும், சிரிப்புக்கு அடியில் கசிந்த ஏக்கமும் அந்தக் குரலிலேயே பூரணமாக இருந்தன.

1937-இல் மன்னார்குடியில் கோபிசாந்தாவாகப் பிறந்து, காரைக்குடியை அடுத்த பள்ளத்தூரில் வறுமையோடு வளர்ந்து, பன்னிரண்டாம் வயதில் 'அந்தமான் காதலி' நாடகத்தில் ஒரு சிறு வேடமேற்று, பின் வைரம் நாடக சபாவில் தேறிய அவரை, 1958-இல் கவிஞர் கண்ணதாசன் தமது 'மாலையிட்ட மங்கை' படத்தில் நகைச்சுவை வேடத்துக்கு அழைத்துக்கொண்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் வேலைக்காரி முதல் தாய் வரை எத்தனையோ பெண்களாக அவர் வாழ முடிந்ததற்கு, கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பாமரனுக்கும் சொல் சென்று சேர வேண்டும் என்ற மேடைச் சிட்சையே மூலகாரணம் என்பது என் துணிபு.

நடிப்பில் தேறிய குரல், முகம் இன்றியும் நெடுங்காலம் வாழலாம் என்பதற்கு வேறொரு தேசத்திலும் சான்று உண்டு. அமெரிக்காவில் 'மேட் டிவி' என்னும் துணுக்கு நாடக நிகழ்ச்சியில் நடித்துச் சிரிப்பூட்டிய அலெக்ஸ் போர்ஸ்டீன், 1999 முதல் 'ஃபேமிலி கை' கேலிச்சித்திரத் தொடரில் லோயிஸ் என்ற இல்லத்தரசிக்குக் குரல் தந்து வருகிறார். 2018-இல் அக்குரலுக்காக எம்மி விருதும் பெற்றார். சித்திரத்துப் பெண்ணுக்கு மூப்பு இல்லை. அவளுக்காகப் பேசுகிறவரின் வயதையும் எவரும் கேட்பதில்லை.

நம் ஸ்பெஷல் நாடக மேடைப் பெண்களின் நிலை வேறு. முகத்தில் சுருக்கம் விழுந்ததும் அழைப்புகள் அருகிவிடுகின்றன. விடிய விடிய முன்னொத்திகை இன்றிப் பேசிப் பழகிய நாவோ அப்போதுதான் முழுப் பக்குவம் அடைந்திருக்கிறது. வானொலி நிலையங்களும் டப்பிங் கூடங்களும், குழந்தைகளுக்குக் கார்ட்டூன் படங்களைத் தமிழில் தருவோரும் மதுரைச் சீமையின் இந்தக் குரல்களைத் தேடி வரவேண்டும். தூரத்து வயல்களைக் கடந்து வந்து, உறங்கப்போகும் பிள்ளையைச் சிரிக்க வைத்த குரலுக்கு இன்னும் ஒரு பிராயம் இருக்கிறது.